சீல் நம்பர்

பகலில் என் வேலை
மணலி யார்டில் கன்டெய்னர்களின் சீல் நம்பர் பார்ப்பது.
அறுந்திருக்கிறதா, ஒட்டவைத்திருக்கிறார்களா,
தாளில் உள்ளதும் பூட்டில் உள்ளதும் ஒன்றா.
உள்ளே என்ன என்று கேட்பது
என் சம்பளத்தில் இல்லை.

ராத்திரியும் ஏறக்குறைய அதேதான்.
கொசுவலைக்குள் மடிக்கணினி,
தொண்ணூற்று மூன்று வரி பைத்தான்.
ஒன்பதாயிரத்து ஐம்பத்தொன்றாம் கதவைத் தட்டினால்
கடவுச்சொல் கேட்கும்.
சொன்னால், இருநூற்றைம்பது, சரி என்று
தலை நிமிராத குமாஸ்தா மாதிரி ஒரு பதில்.
பிறகு சுற்றுகளைக் கொட்டும்:
ஏழாம் சுற்று, கட்டியாயிற்று.
எட்டு, பாதியில்.
ஒன்பது, அறுந்தது, காரணம் தெரியவில்லை.

தேவகிருபை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.
சாம்பல் குழாய் லைனில் கான்ட்ராக்ட்.
தலைக்கு எண்ணெய் வைத்தும்
காதோரம் சாம்பல் போகவில்லை.
"இதுல அனுப்பினா நான்னு தெரியாதா?"

ஷேர் ஆட்டோவை வைத்துச் சொன்னேன்.
எண்ணூர்ல ஏறி டோல்கேட்டுல இறங்கு.
வேற ஆட்டோ, கல்மண்டபம்.
அங்கேர்ந்து வேற ஒண்ணு, பாரிஸ்.
முதல் ஆளுக்கு நீ ஏறின இடம் தெரியும்.
கடைசி ஆளுக்கு நீ இறங்கின இடம் தெரியும்.
நடுவுல இருக்கறவனுக்குச்
சில்லறை கொடுத்தியா இல்லையான்னு மட்டும்.

அவள் யோசித்தாள்.
"மூணு பேரும் ஒரே ஸ்டாண்டுல டீ குடிச்சா?"

பத்து வருஷம் படித்தவர்கள்
பக்கம் பக்கமாக எழுதும் கேள்வி.
அதுக்குத்தான் இந்தத் தொண்ணூத்தி மூணு வரி, என்றேன்.
முதலும் கடைசியும் ஒரே குடும்பமானால் அறு.
ஒரே நாடானால் அறு.
நேற்று முளைத்த வாசலானால் அறு.
பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை
புது முகம் கேள்.

கேஸ் வாடை வந்தது, ஜன்னலைச் சாத்தினோம்.
வெளியே எக்ஸ்பிரஸ் சாலையில்
டிரெய்லர்கள் அசையாமல் உறுமின.
மூன்று சுற்றுகளை அறுத்தேன்.
நான்காவது நின்றது:
குளிர் தேசம் ஒன்று, தீவு ஒன்று,
பேரைப் பார்த்தால் பூனை வளர்க்கிறவன் மாதிரி ஒருவன்.
கைரேகைகள் நாற்பது நாற்பது எழுத்து,
ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.
படத்தோடு ஒட்டிவந்த இடத்தையும் நேரத்தையும்
முன்பே சுரண்டியிருந்தேன்.

அனுப்பு.
இருபது சதவீதம். முப்பத்தொன்று.
சிக்னல் செத்து, பிழைத்து, நாற்பது.

சும்மா இருக்க முடியாமல்
அப்போதுதான் படத்தைப் பெரிதாக்கினேன்.
உடைந்த குழாய். சாம்பல் குழம்பு
கழிமுகத்துக்குள் இறங்குகிறது.
தெளிவான படம், நல்ல கை.
கீழே, ஓரத்தில்,
இன்னும் கலங்காத ஒரு சாண் தண்ணீரில்
மஞ்சள் ஹெல்மெட்.
தலைகீழாக, ஆனால் படிக்க முடிந்தது:
இருநூற்றுப் பதினேழு.

சுற்றை மூடு. மூடு. மூடு.
இருநூற்றைம்பது, சரி.
நாற்பத்தி நாலில் நின்றது.

ஆட்டோ ஆட்டோவாக மாற்றி அனுப்பியிருக்கிறேன்,
அவள் நெற்றியில் விலாசத்தை எழுதி.
எல்லா சீலும் சரி.
பெட்டியை மட்டும் நான் திறந்து பார்க்கவில்லை.

"போயிடுச்சா?"
இல்லை, என்றேன். பாதியில் நிறுத்தினேன்.
பாதியில் என்ன போயிருக்கும்?
மேலிருந்து கீழாகத்தான் ஏறும், பெரும்பாலும்.
பெரும்பாலும் என்று நான் சொல்லவில்லை.

அவள் போனை வாங்கி
வெகுநேரம் அந்தச் சாண் தண்ணீரைப் பார்த்தாள்.
கோபம் வரும் என்று நினைத்தேன்.
"நம்பர் நல்லாத்தான் எழுதியிருக்கானுங்க" என்றாள்.

ஓரத்தை வெட்டினேன்.
தொண்ணூற்று நான்காவது வரியில்
எந்த இயந்திரத்துக்கும் புரியாதபடி,
எனக்காக, தமிழில் ஒரு குறிப்பு எழுதினேன்:
முதலில் படத்தைப் பார்.

பிறகு கதவைத் தட்டினேன்.
கடவுச்சொல் கேட்டது.